பை காவல் நிற்கும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே,



எந்தத் தீம் பார்க்குக்குப் போனாலும் உங்களைப் பார்க்கலாம். ராட்டினத்துக்கு வெளியே, கம்பித் தடுப்பை ஒட்டி, கிடைத்த நிழலில் நிற்பீர்கள். ஒரு தோளில் உங்கள் கைப்பை, மறு தோளில் குடும்பத்துப் பை. கையில் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி, மகனின் செல்போன், நாத்தனார் மகளின் வளையல். காலடியில் எல்லோருடைய செருப்பும். மேலே தலைகீழாகத் தொங்கும் கூட்டத்தில் நம் பிள்ளை எது என்று தேடிக்கொண்டே, பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்றும் ஒரு கண் பார்த்துக்கொள்வீர்கள். இறங்கி வந்தவர்கள் "சூப்பர்மா!" என்று சொல்லிவிட்டு, அவரவர் பொருளைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடுவார்கள். நீங்களும் பைகளோடு பின்னாலேயே நடப்பீர்கள்.

உங்களிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு இதே பூங்காவுக்குப் போங்கள். கோயிலுக்கோ ஜவுளிக்கடைக்கோ போவதைச் சொல்லவில்லை. ராட்டினம் ஏற, தண்ணீரில் குதிக்க, தொண்டை கிழியக் கத்தப் போங்கள்.

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? அது பசங்க சமாச்சாரம்" என்பீர்கள். தீம் பார்க் பிறந்த கதையைக் கேளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பூங்கா. அங்கே வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்பிள்ளைகளைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகள் சுற்றுகிறார்கள், நாம் மட்டும் வெறுமனே உட்கார்ந்திருக்கிறோமே, பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் இருந்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. வெளியே காத்திருந்த ஒரு தகப்பனுக்குச் சலித்தது. அவர் ஓர் ஊரையே கட்டிவிட்டார். உங்களுக்கும் சலித்திருக்கும். நீங்கள் அடுத்த முறை ஒரு குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

நாம் பிறவியிலேயே காவல்காரிகள் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாலு பெட்டி வைத்த மரராட்டினத்தை ஓர் ஆள் கையாலேயே சுற்றிவிடுவார். காசு தீரும்வரை இறங்காதவர்கள்தான் நாம். தீவுத்திடல் பொருட்காட்சியில், மதுரை தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில், ஒரு கையில் டெல்லி அப்பளத்தைப் பிடித்தபடி ஜெயண்ட் வீலில் ஏறியவர்கள்தான். பிறகு தாவணி வந்தது. "பெரிய பொண்ணாயிட்டே, பாவாடை பறக்க என்ன ராட்டினம் வேண்டிக்கிடக்கு?" என்று யாரோ ஓர் அத்தை சொன்னார். அன்றைக்கு இறங்கியவர்கள்தான். அடுத்த முறை ராட்டினத்தருகே போனபோது இடுப்பில் குழந்தை இருந்தது.

அந்த இடைவெளியில் சென்னையைச் சுற்றி எத்தனை பூங்காக்கள் வந்துவிட்டன! கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டிக் குயின்ஸ்லேண்ட். தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா; இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கியது அது. ஒரு தலைமுறைக்கே பள்ளிச் சுற்றுலா என்றால் கிஷ்கிந்தாதான். கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்து பிளாக் தண்டர். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது. இவற்றில் பலவற்றுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். எத்தனை ராட்டினத்தில் ஏறியிருப்பீர்கள்?

ஏற நேரம் ஏது? 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அப்போது அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். குடும்பத்தோடு சுற்றுலா போகும் நாளில் இந்தக் கணக்கு குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடுப்படி இடம் மாறி வந்திருக்கும், அவ்வளவுதான். விடியற்காலை எழுந்து புளிசாதம் கட்டியது யார்? துண்டு, மாற்றுத் துணி, வாந்தி மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தது யார்? பூங்காவில் உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு வேலைநாள்.

அதனால்தான் தோழியோடு போகச் சொல்கிறேன்.

என் தோழி ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். கல்யாண சீசனில் அவளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மிஷின் கொஞ்சம் மூச்சு விடும். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாள், வாசல் தாண்டக்கூடாது. "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுடி" என்று அவளே நாள் குறித்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்கா. பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும்.

உள்ளே போனதும் லாக்கர் எடுத்தோம். செல்போன் உள்பட எல்லாவற்றையும் உள்ளே திணித்துப் பூட்டிச் சாவிப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டோம். பத்தடி நடந்திருப்போம், அவள் கை சட்டென்று வலது தோளுக்குப் போனது. அங்கே பைப்பட்டை இல்லை. கையைக் கீழே விட்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தோளைத் தொட்டாள். "என்னமோ தொலைச்சிட்ட மாதிரியே இருக்குடி" என்றாள். மத்தியானம் வரைக்கும் அந்தக் கை அப்படித்தான் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு போகவில்லை.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை கட்டாயம். வாடகைக்குக் கொடுத்ததை அவள் வாங்கியவுடன் போட்டுக்கொள்ளவில்லை. உள்பக்கத்தைத் திருப்பி, தையலை நகத்தால் நெருடி, இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு கட்டை விரலாலும் இழுத்து விட்டுப் பார்த்தாள். "கவட்டுல ரெட்டைத் தையல் போட்டிருக்கான். தாங்கும், வா" என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் உடை மாற்றும் அறைக்குள் போனோம். முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் என்று மூடிய உடைகளே அங்கே நிறைய இருந்தன. புடவையும் துப்பட்டாவும் தண்ணீரில் ஊறிக் கனத்துக் காலைச் சுற்றும், சறுக்கில் மாட்டும். அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். சுழலும் ராட்டினத்திலும் கோ-கார்ட்டிலும் துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் உயிருக்கே ஆபத்து. இறுக்கிக் கொண்டை போடுங்கள். தாலிச் சரடை உடைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மற்ற நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் ராட்டினத்தில் டிக்கெட் பட்டையைப் பார்த்த தம்பி எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தான். "பசங்க எங்கம்மா?"

"வீட்ல சமைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள் இவள்.

அவன் சிரித்துக்கொண்டே சங்கிலியை அவிழ்த்துவிட்டான்.

தீம் பார்க்கில் ஒரு நாள் என்றால் பெரும்பொழுது வரிசையில்தான் போகும். ராட்டினத்தில் இருப்பது இரண்டு நிமிடம், அதற்காக நிற்பது அரைமணி. குடும்பத்தோடு போனால் அந்த அரைமணி பஞ்சாயத்து: யார் முன்னால் நிற்பது, யாருக்குப் பசி, யார் யாரைக் கிள்ளினது. தோழியோடு நின்றால் அந்த அரைமணிதான் நாளின் ருசியே. முட்டி வலி, நரைக்கு அடிக்கும் சாயம், தீட்டு நின்றதும் இரவில் குப்பென்று வேர்ப்பது, மகனின் வீட்டுக்கடன், எட்டாம் வகுப்பில் எங்களை முட்டி போட வைத்த கணக்கு டீச்சர் என்று பேச்சு எங்கெங்கோ போனது. பாதிக் கதையில் எங்கள் முறை வந்துவிட, "இரு, எறங்கினதும் சொல்றேன்" என்று ஏறி உட்கார்ந்தோம். போனில் பேசினால் பத்து நிமிடத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே எங்களைக் கூப்பிட ஆளே இல்லை.

ஜெயண்ட் வீலின் உச்சியில் ஆள் ஏற்றுவதற்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். 1893இல் சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் செய்த முதல் ராட்சத ராட்டினத்தின் உயரம் 264 அடி; 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். எங்கள் ராட்டினம் அதற்குப் பக்கத்தில் பொடிசு. அதற்கே இவள் என் முழங்கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ரோலர் கோஸ்டர். நுழைவில் பலகை இருந்தது: இதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகு, கழுத்து வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது. இவளுக்கு பிரஷர் மாத்திரை உண்டு. பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, "நான் இல்லை. நீ போ" என்றாள். அடுத்து அவள் சொன்னதற்காகவே இந்த மடலை எழுதலாம். "ஆனா இங்க உனக்காக நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன். நான் போய் மிதக்கப் போறேன்." ரப்பர் வளையத்தில் படுத்து மிதந்தபடியே சுற்றி வருகிற ஒரு கால்வாய் இருந்தது. அதை நோக்கி நடந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

எல்லோரும் எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏறக்கூடாது. பயமாக இருந்தாலும் ஏற வேண்டாம், வெட்கமில்லை. ஆனால் ஏறாமல் இருப்பது உங்கள் முடிவாக இருக்கட்டும். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக இருக்க வேண்டாம்.

பயத்துக்குப் பாதிக் காரணம் அந்த யந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாததுதான். பெரும்பாலான கோஸ்டர் வண்டிகளில் எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துவிடும், அதோடு சரி. மற்றதெல்லாம் பூமியின் ஈர்ப்பு செய்கிற வேலை. அதனால்தான் முதல் மேடே பெரும்பாலும் உயரமாக இருக்கும். உராய்விலும் காற்றிலும் வேகம் கரைந்துகொண்டே வருவதால் அடுத்தடுத்த மேடுகள் தாழ்ந்துகொண்டே போகும். ஏறும்போது வயிற்றைக் கலக்குகிற அந்த 'டக் டக் டக்' சத்தம், வண்டி பின்னால் சரிந்துவிடாதபடி பற்களில் வரிசையாக விழும் தாழ்ப்பாளின் சத்தம். நம்மைப் பயமுறுத்தும் சத்தமே நம்மைக் காப்பாற்றும் சத்தம். சக்கரங்களும் தண்டவாளத்தின் மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் கவ்வியிருக்கும், தலைகீழானாலும் கழலாது.

வயிறு மேலே வந்து முட்டுவது ஏன்? வண்டி கீழே பாயும்போது இருக்கை நம்மைத் தாங்குவது நின்றுவிடுகிறது. உடம்புக்குள் தளர்வாகத் தொங்கும் குடலும் இரைப்பையும் அந்த ஒரு கணம் எடையை இழந்து மிதக்கின்றன. தலைச்சுற்றல் வேறு கதை. உள்காதில் உள்ள திரவம் ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது, மூளை குழம்புகிறது. கண்ணை மூடாமல் தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்றைப் பார்த்தால் குமட்டல் குறையும். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடுப்பில் ஓர் இஞ்சி மரப்பா இருக்கட்டும்.

தலைகீழ் வளையம் முழுவட்டமாக இருக்காது, மேலே குறுகிய நீர்த்துளி வடிவில் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் முழுவட்ட வளையம் கட்டினார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். நீர்த்துளி வடிவத்தோடு 1976இல் கலிஃபோர்னியாவில் ஒரு கோஸ்டர் வந்த பிறகுதான் வளையம் கழுத்துக்கு இதமானது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். தடுப்புக் கம்பி மடிமேல் இறங்கிப் பூட்டியதும், பணியாள் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். "ஆன்ட்டி, பயமா இருந்தா கத்திடுங்க. கத்தாம அடக்கினாத்தான் கஷ்டம்" என்றாள் அந்தப் பெண். கத்தினேன். வாசல் வரைக்கும் குரல் கேட்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். முட்டுக்காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இனி, நீங்கள் சொல்லப்போகிற காரணங்களுக்கு வருகிறேன்.

செலவு. உண்மைதான். நுழைவுச்சீட்டு, உடை, லாக்கர், சாப்பாடு என்று சேர்த்தால் ஒரு நாளைக்கு மலைப்பான தொகை. ஆனால் வார நாளில் போனால் பல பூங்காக்களில் சீட்டு விலை குறைவு, இணையத்தில் முன்பதிவு செய்தால் இன்னும் குறையும், கூட்டமும் பாதி. எங்களைப் போல மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் ஓர் உண்டியலில் போட்டுவாருங்கள். போக்குவரத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லையே.

உடம்பு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பலகையில் எழுதியிருப்பதை மதியுங்கள். கம்பி சரியாகப் பூட்டவில்லை என்று தோன்றினால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். பணியாள் "வேண்டாம்" என்று சொல்கிற ராட்டினத்துக்கு அடம்பிடிக்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் அலைக்குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட வேண்டாம்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த நாலு பேரும் அங்கே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். உங்களைப் பார்க்க அவர்களுக்கு நேரமிருக்காது.

வீடு என்ன ஆகும்? ஒரு நாள் மத்தியானம் தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டு யாரும் இளைத்துப்போனதில்லை.

குடும்பத்தோடு போவதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. டிஸ்னி பூங்காக்களில் ஒரு ஏற்பாடு உண்டு: கைக்குழந்தையோடு பெரியவர்களில் ஒருவர் வெளியே நிற்பார், மற்றவர் இறங்கி வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் நேரே போய் ஏறிக்கொள்ளலாம். நம் பூங்காக்களிலும் இப்படி விட முடியுமா என்று போகிற இடத்திலெல்லாம் கேளுங்கள். நாலு பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள். நானூறு பேர் கேட்டால் பலகை வைப்பார்கள். அதுவரை வீட்டளவில் முறை வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினத்துக்கு ஓர் ஆள் காவல். அடுத்த ராட்டினத்துக்கு வேறு ஆள். பதினைந்து வயதுப் பையனுக்கும் இரண்டு தோள் இருக்கிறது. கணவருக்கும் அப்படியே.

ஆனால் முதலில் தோழியோடு ஒரு முறை போய்வாருங்கள். வீட்டாரோடு போனால் எவ்வளவு முயன்றாலும் நாம் அம்மாதான், அண்ணிதான், மருமகள்தான். யாருக்காவது தாகமெடுத்தால் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நம்மைப் பெயர் சொல்லி, 'டி' போட்டுக் கூப்பிட மிஞ்சியிருக்கிற ஒருத்தி அந்தத் தோழிதான். அவளுக்குத் தாகமெடுத்தால் அவளே போய்க் குடித்துக்கொள்வாள். உங்களுக்கும் ஒரு பாட்டில் வாங்கி வருவாள்.

யார் அந்தத் தோழி என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவளுக்கு போன் போடுங்கள். ஒரு புதன்கிழமையைக் குறியுங்கள். வீட்டில் "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டால், கோயில், குளம், துக்கம் என்று எதையும் இட்டுக்கட்டாமல் "ராட்டினம் ஏறப் போறேன், ராத்திரி ஆயிடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற குரல் வேண்டாம். தகவல் சொல்கிற குரல் போதும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி